நாலிதழ் காணாத தோட்டம்

காலிஃப்ளவர் போடுகிற விவசாயிகளில் பெரும்பாலோர் அது பூத்துப் பார்த்ததில்லை. குழித்தட்டில் நாற்று விடுகிறவர் பார்த்ததில்லை. வெட்டுக்கூலிக்கு வருகிறவரும், மண்டியில் மூட்டை இறக்குகிறவரும் பார்த்ததில்லை. தாராபுரம் பக்கம் கேட்டால், "பூத்தா என்னுங்க இருக்குது, மாட்டுக்குத்தான் போடோணும்" என்று பதில் வரும். அதில் வருத்தம் இருக்காது, விலை நிலவரம் மட்டும்தான் இருக்கும். இதே தாலுகாவில் மூலனூர்ப் பக்கம் முருங்கை வைத்திருப்பவர் பூ உதிர்ந்தால் தூக்கம் கெட்டுக் கிடப்பார். பருத்தி போட்டவர் சப்பை கொட்டினால் அன்றைக்கே உரக்கடைக்கு வண்டியைக் கிளப்புவார். பூ பிடித்ததா, நின்றதா, காயாகத் திரும்பியதா என்ற கவலையிலேயே ஒரு வெள்ளாமைக் காலம் கழிகிற ஊர் இது. இங்கே ஒரே ஒரு பயிர் மட்டும், பூத்துவிடுமோ என்ற பயத்தோடு காவல் காக்கப்படுகிறது. மல்லிகையையும் மொட்டாகத்தானே பறிக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் மல்லிகை மொட்டு அன்று மாலையே யாரோ ஒருத்தியின் தலையில் விரிந்துவிடுகிறது. அது தள்ளிப்போன பூப்பு. காலிஃப்ளவரில் நடப்பது தள்ளிப்போவது அல்ல. என்னதான் நடக்கிறது என்பதை யோசிக்க ஆரம்பித்தால் லேசில் விட மாட்டேன் என்கிறது.

சந்தையில் வாங்கிய ஒரு தலையை இலை நீக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். ஒரு கிளையை ஒடித்தால் அது முழுத் தலையின் சிறிய வடிவமாக இருக்கிறது. அதிலிருந்து இன்னொன்றை ஒடித்தால் அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது முறைக்கு மேல் விரலுக்கு அகப்படாது, கத்தி நுனி வேண்டும். அதற்குப் பிறகு கண்ணும் தோற்கிறது. மேற்பரப்பைக் கட்டைவிரலால் தேய்த்தால் நறநறவென்று பொடி உதிரும். அந்தப் பொடியின் ஒவ்வொரு மணியும் ஒரு குருத்து நுனி. நுண்ணோக்கியில் வைத்தால் அந்த மணியே சிறு மேடுகளின் கூட்டமாகத் தெரியும். இத்தனையிலும் எங்கேயும் ஒரு இதழ் கிடையாது, ஒரு மகரந்தப் பை கிடையாது, சூலகம் கிடையாது. தேனீ இந்தப் பக்கம் வருவதில்லை. அசுவினி வரும், புழு வரும், வைரமுதுகு அந்துப்பூச்சி தவறாமல் வரும். அதனால்தான் உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணீர் இல்லாமல் எந்த வீட்டிலும் காலிஃப்ளவர் அடுப்பேறுவதில்லை. வெந்நீரில் விழுந்ததும் எழும் அந்தக் கந்தக வாடை, இது முட்டைக்கோசுக்கும் கடுகுக்கும் உறவுக்காரன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முட்டைக்கோஸ், நூல்கோல், புரோக்கோலி, காலிஃப்ளவர் நான்கும் தாவரவியல் கணக்கில் ஒரே இனம். ஒன்றில் இலை பெருத்தது, ஒன்றில் தண்டு பெருத்தது. காலிஃப்ளவரில் எது பெருத்தது என்று சொல்வதில்தான் சிக்கல்.

பூ என்று சொன்னால் பொய். மொட்டு என்றாலும் முழு உண்மை இல்லை. புரோக்கோலியை வேண்டுமானால் மொட்டு எனலாம். அந்தப் பச்சை மணிகளுக்குள் இதழும் மகரந்தமும் சுருண்டு உட்கார்ந்திருக்கும். சமையலறையில் நாலு நாள் மறந்து வைத்தால் மஞ்சளாக எட்டிப்பார்க்கும். காலிஃப்ளவரை அப்படி மறந்து வைத்தால் கறுத்துப் புள்ளி விழும், அவ்வளவுதான். உள்ளே விரிவதற்கு எதுவும் தயாராக இல்லை.

எந்தச் செடியின் உச்சியிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு மேடு உண்டு. பாடப் புத்தகம் அதை ஆக்குத்திசு என்கிறது, தோட்டத்துப் பேச்சில் குருத்து. அந்த மேடு தானும் வளர்ந்துகொண்டு, தன் பக்கவாட்டில் சின்னச் சின்ன முண்டுகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு முண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 137.5 பாகைத் திருப்பம். அந்தத் திருப்பத்தால்தான் காலிஃப்ளவர் தலையில் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் சுருள்கள் தெரிகின்றன. எண்ணினால் 5, 8, 13 என்று வரும். செடி இளசாக இருக்கும்வரை அந்த முண்டுகள் இலையாகின்றன. வயதும் குளிர்ச்சியும் ஒரு கட்டத்தை எட்டியதும் உத்தரவு மாறுகிறது, இனிமேல் முண்டுகள் பூவாக வேண்டும். அந்த உத்தரவை எடுத்துச் செல்லும் மரபணு ஒன்றுக்கு லீஃபி என்று பெயர். அது அபெட்டாலா-1 என்ற மரபணுவையும், அதன் உடன்பிறப்பு மாதிரியான இன்னொன்றையும் எழுப்பிவிடுகிறது. அந்த இரண்டும் விழித்துக்கொண்டால், முண்டு தான் ஒரு குருத்து என்பதை மறந்துவிடும். பக்கத்தில் முண்டு தள்ளுவதை நிறுத்தும். புறவிதழ், அல்லி, மகரந்தத் தாள், சூலகம் என்று நான்கு வட்டம் வரைந்து அத்தோடு முடிந்துபோகும். பூ என்பது குருத்தின் முடிவு. பூ விழுந்த நுனியில் அதற்குமேல் வளர்ச்சி இல்லை.

காலிஃப்ளவரில் இந்த இரண்டு மரபணுக்களின் வேலைதான் கெட்டுக் கிடக்கிறது. லீஃபி கூப்பிடுகிறது, முண்டும் பூவாகப் புறப்படுகிறது. உறுதிசெய்ய வேண்டியவர்கள் வரவில்லை. சற்று நேரத்தில் குருத்துத்தன்மையைக் காப்பாற்றும் மரபணுக்கள் மறுபடி கையோங்கிவிடுகின்றன. பூவாக வேண்டியது குருத்தாகத் திரும்பிவிடுகிறது. குருத்தானதும் அதன் வேலையை அது செய்யும், பக்கவாட்டில் முண்டுகளைத் தள்ளும். அந்த முண்டுகள் ஒவ்வொன்றும் பூவாகப் புறப்படும், பாதியில் திரும்பும், மறுபடி முண்டு தள்ளும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் தேறாத பீஸ் ‘ஆல்டர்’ என்று தையல் மிஷினுக்கே திரும்பிப் போகும், சரிசெய்து மறுபடி டேபிளுக்கு வரும். இங்கே திரும்பிப் போன ஒவ்வொரு பீஸும் ஒரு பண்டலாகப் பெருகி வருகிறது, அந்தப் பண்டல் முழுவதும் மறுபடி தேறாமல் போகிறது. தட்டில் வெள்ளையாகக் குவிந்திருப்பது அப்படித் திரும்பியவற்றின் கூட்டம்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். குருத்தாகத் திரும்பிவிட்டது என்றால் அது ஏன் சாதாரணக் குருத்து மாதிரி நடந்துகொள்வதில்லை? சாதாரணக் குருத்து இலை விடும், நீளும். காலிஃப்ளவரின் இந்தக் குருத்துகள் இலை விடுவதில்லை, நீளுவதும் இல்லை. நெருக்கியடித்துக்கொண்டு, நேரத்தை வீணாக்காமல், அடுத்த முண்டை மட்டும் தள்ளுகின்றன. இந்தக் கேள்விக்கு 2021 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை பதில் சொன்னது. பிரான்சைச் சேர்ந்த ஃபிரான்சுவா பார்சி, கிறிஸ்டோஃப் கோதேன் ஆகியோரும் மெக்சிகோக்காரரான எவுஹேனியோ அஸ்பெயிதியாவும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அவர்கள் கண்டது இது: பூவாகி முடிக்காத முண்டு, குருத்தாகத் திரும்பும்போது பழைய குருத்தாகவே திரும்புவதில்லை. கொஞ்ச நேரம் பூவாக இருந்ததன் நினைவு அதில் தங்கிவிடுகிறது. அந்த நினைவுதான் அதை இலை விடாமல் தடுக்கிறது, அதுதான் அடுத்தடுத்து முண்டு தள்ளச் சொல்கிறது. நினைவு என்ற சொல்லை ஆய்வாளர்களே பயன்படுத்தியிருக்கிறார்கள். செடிக்கு மனசு இருக்கிறது என்று யாரும் இதிலிருந்து கிளப்பிவிடத் தேவையில்லை. இன்ன மரபணு ஒருமுறை விழித்தபின் இன்னது அடங்கவில்லை என்ற ரசாயனக் கணக்குதான் அது. ஆனாலும் வாசிக்கும்போது சட்டென்று கடந்துபோக முடிவதில்லை. ஒரு கணம் பூவாக இருந்துவிட்ட ஒன்று, மறுபடி தண்டாக ஆன பிறகும், தண்டாக வாழ முடியாமல் போகிறது. அதனால்தான் அது பெருக்கிறது. பெருப்பதால்தான் அதற்கு விலை.

இத்தாலியிலிருந்து வந்த ரோமனெஸ்கோ என்றொரு வகை உண்டு. பச்சையாக, கோபுரம் கோபுரமாக, ஒவ்வொரு கோபுரமும் இன்னும் சிறிய கோபுரங்களால் கட்டப்பட்டதாக இருக்கும். கணிதக்காரர்களின் அட்டைப்படங்களில் இடம்பிடித்த காய். சாதாரணக் காலிஃப்ளவர் ஏன் உருண்டையாகிறது, ரோமனெஸ்கோ ஏன் கோபுரமாகிறது என்பதற்கும் அதே ஆய்வில் விடை இருந்தது. ரோமனெஸ்கோவில் குருத்து மேடு வளர வளர அளவில் பெரிதாகிக்கொண்டே போகிறது, அதனால் முண்டு தள்ளும் வேகமும் கூடுகிறது. மற்றபடி கதை ஒன்றேதான். கோழிக்கொண்டைப் பூவை இதோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது வேறு கோளாறு. அங்கே குருத்து மேடு புள்ளியாக இருக்க வேண்டியது கோடாக நீண்டுவிடுகிறது. நீண்டாலும் அதில் உண்மையான பூ பூக்கும், விதையும் விழும். கொண்டை கசங்கலாக இருந்தாலும் காரியம் முடிந்துவிடுகிறது.

காலிஃப்ளவரின் ரகசியம் காலிஃப்ளவரில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடி ஒன்றில்தான் முதலில் பிடிபட்டது. தரையோடு வட்டமாக அடுக்கிய இலையும் மெல்லிய பூந்தண்டுமாக இருக்கும் அந்தச் செடியில் மேலே சொன்ன இரண்டு மரபணுக்களைச் சேர்ந்தாற்போல் கெடுத்தபோது, பூ வர வேண்டிய இடத்தில் நுண்ணிய காலிஃப்ளவர்கள் வந்தன. அது 1993-ல் வெளியானது. அப்படிக் கெட்ட இரண்டில் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் காலிஃப்ளவர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1995-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, நிஜக் காலிஃப்ளவரில் உள்ள அதே மரபணுவைத் தேடிப் பார்த்தபோது, அதன் வாசகம் பாதியிலேயே முற்றுப்புள்ளி வைத்து நின்றுபோயிருந்தது தெரிந்தது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. அதே முற்றுப்புள்ளி உள்ள வேறு சில கோசுச் செடிகளில் தலை கட்டவில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. 2024-ல் சீன ஆய்வாளர்கள் 971 மாதிரிகளின் மரபுத் தொகுதியைப் படித்துவிட்டு, காலிஃப்ளவர் ஒரே தாவலில் வந்ததல்ல, புரோக்கோலியை ஒத்த முன்னோடியிலிருந்து படிப்படியாக வந்தது என்றார்கள். ஒரு கோளாறின்மேல் இன்னொரு கோளாறு, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு மத்தியதரைக்கடல் கரை விவசாயி அந்தக் கோளாறைப் பார்த்து, பிடுங்கி எறியாமல், இது தேவலையே என்று விதைக்கு விட்டிருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இல்லை.

தாராபுரத்து வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. பூவாகப் புறப்படு என்ற முதல் உத்தரவே வெப்பநிலையைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. வெப்பம் 30 பாகையைத் தாண்டியே நின்றால், நம் சமவெளி ரகங்கள்கூட இலையாகவே தள்ளிக்கொண்டு போகும். செடி பார்க்கச் செழிப்பாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. மாறாக, செடி சின்னதாக இருக்கும்போதே குளிர் தட்டிவிட்டால், அல்லது நாற்று முற்றிப்போய் நட்டால், பொத்தான் அளவுக்குத் தலை கட்டி அத்தோடு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் செடி நுழைந்தால்தான் கெட்டியான வெள்ளைத் தலை. அமராவதிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மார்கழி, தையில் வெட்ட நினைப்பது இதனால்தான். கோடைக்குச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் மலைச்சரக்கு. நீலகிரி, கொடைக்கானல், தாளவாடி, ஓசூர்ப் பக்கம். 30 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறங்கி, பாதி கேரளத்துக்குப் போய், மீதி இங்கே திரும்பும்.

இந்தச் சந்தில் நடக்கிற ஒரு விபத்துதான், லேசில் விட மாட்டேன் என்கிறது என்று முதலில் சொன்ன அந்த உறுத்தலின் மையம். தலை கட்டிய பிறகு சில நாள் வெப்பம் ஏறினாலோ, வெட்டு தள்ளிப்போனாலோ, மேற்பரப்பில் சில நுனிகள் திடீரென்று தேறிவிடுகின்றன. இத்தனை திரும்பல்களுக்குப் பிறகு ஏதோ ஒரு முண்டு பூவாகியே தீருகிறது. வெள்ளைப் பரப்பின்மேல் அரிசி அரிசியாக நுண்ணிய மொட்டுகள் கிளம்பும். தடவினால் கெட்டியாக இருந்தது பொசபொசவென்று தெரியும். செடியின் கணக்கில் அதுதான் வெற்றி. இத்தனை மாதமாக அது முயன்றது இதற்குத்தான். வியாபாரி அதைக் கையில் எடுத்ததும் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு ஓரமாக வைக்கிறார். விலை பாதிக்கும் கீழே போகிறது. செடி எவ்வளவு முழுமையாகத் தோற்கிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. துளி ஜெயித்தாலும் கழிவு. இதைச் சொல்லும்போது இரக்கம் காட்டுவதாகத் தோன்றலாம். இரக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. கடனும் கூலியும் கொடுக்க வேண்டிய விவசாயிக்குக் கெட்டித் தலைதான் வேண்டும், அதில் தப்பே இல்லை. உறுத்துவது வேறு. வெற்றி எது, தோல்வி எது என்ற வழக்கில் செடியும் சந்தையும் இவ்வளவு துல்லியமாக எதிரெதிரே நிற்கிற காய் இன்னொன்று இருக்கிறதா? கீரையையும் பூப்பதற்கு முன் பறிக்கிறோம், முள்ளங்கியையும் பிடுங்குகிறோம். ஆனால் அங்கே தின்னப்படுவது இலையும் கிழங்கும். பூவாவதற்கான முயற்சியையே பறித்துத் தின்பது இது ஒன்றில்தான்.

நிறத்திலும் அதே பிடிவாதம். வெயில் பட்டால் தலை மஞ்சளிக்கும். அதனால் தலை தெரிய ஆரம்பித்ததும் சுற்றியுள்ள இலைகளை உச்சியில் சேர்த்துக் கட்டுவார்கள், அல்லது ஓர் இலையை ஒடித்து மேலே கவிழ்ப்பார்கள். சத்தில் மஞ்சளித்த தலைக்கும் வெள்ளைத் தலைக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை, சந்தையில் உண்டு. கனடாவில் பிராட்ஃபோர்ட் மார்ஷ் என்ற இடத்தில் 1970-ல் வெள்ளைத் தலைகளுக்கு நடுவே ஒன்று ஆரஞ்சு நிறத்தில் வந்தது. கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டின். அதன் மரபணுவைக் கொண்டு டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பீட்டா கேசரி என்ற ரகத்தை உருவாக்கியது. கண்ணுக்கு நல்லது, உடம்புக்கு நல்லது, நம் தெருவில் யாரும் கேட்பதில்லை. வெள்ளையாக வாங்கி, மாவில் புரட்டி, செக்கச் செவேலென்று சாயப்பொடி கொட்டிப் பொரித்துத் தின்பதில்தான் நமக்கு ருசி. அந்தச் சாயத்துக்காகவே 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கத் தடை போட்டது.

இத்தனை குளிர் கேட்கும் செடி இந்த வெயிலுக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1822-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ஜெம்சன் என்ற டாக்டர், சகாரன்பூரில் கம்பெனித் தோட்டப் பொறுப்பில் இருந்தபோது இங்கிலாந்து விதையைக் கொண்டுவந்து போட்டார் என்று தோட்டக்கலை நூல்கள் எழுதுகின்றன. வெள்ளைக்காரத் துரைகளின் சாப்பாட்டு மேசைக்காக வந்த விதை. கங்கைச் சமவெளியின் சூட்டில் பெரும்பாலான செடிகள் தலை கட்டவில்லை, பூக்கவும் இல்லை. ஆனால் எங்கோ ஒன்றிரண்டு செடிகள் அந்தச் சூட்டிலும் தலை கட்டி, பிறகு பூத்து, விதையும் கொடுத்தன. அந்த விதையைச் சேர்த்துவைத்தவர்கள் அங்கிருந்த விவசாயிகள். நூறு வருடம் போனது. 1929-ல் கல்கத்தாவின் சட்டன் விதைக் கம்பெனி அட்டவணையில் ‘எர்லி பாட்னா’, ‘எர்லி பெனாரஸ்’ என்று ரகங்கள் ஏறியிருந்தன. பீகாரின் ஹாஜிப்பூர் இன்றைக்கும் முன்பருவக் காலிஃப்ளவருக்குப் பேர்போன ஊர். ஐரோப்பியச் செடி 15 பாகையில் செய்வதை 25 பாகையில் செய்கிற இந்த இந்தியக் காலிஃப்ளவரின் ரத்தம்தான் இன்று தென்னாட்டுச் சமவெளியில் நடப்படும் ரகங்களில் ஓடுகிறது. திருப்பூர்க் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பீகார் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உருளைக்கிழங்கோடு சேர்த்து வாங்கும் அந்தத் தலைக்கும் அவர்கள் ஊர்ப் பாட்டனார்களுக்கும் இருக்கும் தொடர்பு வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. அந்தப் பாட்டனார்கள் செய்ததில் முக்கியமானது ஒன்று. அவர்கள் அதைப் பூக்க விட்டார்கள். நல்ல தலையாகப் பார்த்து, தின்னாமல், விற்காமல், விட்டுவைத்தார்கள். விட்டுவைத்திருக்காவிட்டால் இது வெறும் மலைக்காயாகவே இருந்திருக்கும்.

இன்றைக்கு விட்டுவைக்கிற வேலை வேறு கைகளுக்குப் போய்விட்டது. குளிர் ரகங்களின் விதை இமாசலத்தில் குலு பள்ளத்தாக்கின் கட்ரெய்ன் போன்ற இடங்களில் எடுக்கப்படுகிறது. கலப்பின விதை கம்பெனிகளின் தோட்டங்களில் எடுக்கப்படுகிறது. அங்கே மட்டும் தலை முற்றியதும் யாரும் வெட்டுவதில்லை. சில இடங்களில் நடுப்பகுதியைத் தோண்டி எடுத்து, மேலெழும் தண்டுகளுக்கு வழி விடுவார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் முட்டைக்கோஸ், நூல்கோல் எதுவும் பூத்து நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள், மகரந்தம் கலந்துவிடும் என்பதால். செடி செய்ய நினைப்பதும் மனிதர் கேட்பதும் ஒத்துப்போகிற ஒரே இடம் அது. அங்கிருந்து வரும் விதை, ஒரு கிராமில் ஏறக்குறைய 300 என்று, கடுகாக உருண்டு, மருந்து பூசிய நிறத்தில், பொட்டலத்தில் வருகிறது. தாராபுரத்துத் தோட்டம் அந்தக் கதையின் நடுப்பக்கத்தை மட்டும் வாங்கி நடுகிறது.

பூக்கும்போது என்னதான் ஆகிறது? கெட்டியாக இருந்த தலை முதலில் விரிசல் விடும். அடுக்கடுக்காக இறுகியிருந்த கிளைகள் அப்போதுதான் நீள ஆரம்பிக்கும், அதுவரை மறந்திருந்த நீளுதல் திரும்ப வரும். வெள்ளை மங்கிப் பச்சை ஏறும். எல்லா நுனிகளும் பூவாவதில்லை. மிகப் பெரும்பான்மை கருகி அழுகி உதிரும், சிறு பங்குதான் தப்பிக்கும். தப்பித்தவை ஒன்றரை அடி, இரண்டடி உயரத்துக்குத் தண்டு நீட்டி, வெளிர் மஞ்சளில் பூக்கும். சிலுவைபோல் நாலு இதழ், ஆறு மகரந்தத் தாள், அதில் நாலு நெட்டை, இரண்டு குட்டை. கடுகுப் பூவைப் பார்த்தவருக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. இவ்வளவு சாதாரணமான ஒரு பூவுக்காகவா அத்தனை ஆயிரம் நுனிகள் முட்டிக்கொண்டிருந்தன என்று ஒருவர் ஏமாறக்கூடும். பூக்காததுதான் இதன் அபூர்வம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பூத்தால் இது இன்னொரு கடுகு, அவ்வளவே. பூவாகாமல் திரும்பிய ஒவ்வொரு முறையும்தான் இதற்கு உருவம் கிடைத்தது என்பார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது தின்கிறவர் கட்சி வாதம் என்பதும் உண்மை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் கடைசி வெட்டு முடிந்து ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கு முன், வரப்போரம் நாலைந்து செடிகளைத் தலையோடு விட்டுவைக்கலாம். பனி இருக்கும் நாட்களிலேயே விட வேண்டும். பங்குனி வெயில் ஏறிவிட்டால் பூக்கும் முன் அழுகிவிடும். தலைமேல் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், பிள்ளைகளுக்குக் கூப்பிட்டுக் காட்டலாம். விதைக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். கலப்பினத்தின் விதை போட்டால் தலை ஒன்றுபோல் வராது. அதோடு, 1968-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஓகுரா ஒரு முள்ளங்கிச் செடியில் கண்டெடுத்த ஆண்மலட்டுத் தன்மையை ஏற்றித்தான் இன்றைய கலப்பின ரகங்கள் பலவற்றை உருவாக்குகிறார்கள். அப்படிப்பட்ட செடி பூத்தாலும் மகரந்தப் பையில் மகரந்தம் இருக்காது. அடுத்த ஐப்பசிக்கும் நாற்றைப் பண்ணையில்தான் வாங்க வேண்டும்.